நாம என்பதில் யார் யார்

எங்கள் அறையில் என் கட்டில் ஒருபோதும் ஆறியதில்லை.

காலையில் நான் எழுந்து போர்வையை உதறும்போதே நர்ஸ் வந்துவிடுவாள். வெள்ளை ஷூவை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, தலைமுடியில் ஸ்பிரிட் வாசனையோடு, நான் விட்டுப்போன பள்ளத்திலேயே விழுவாள். "சூடு பண்ணி வச்சிருக்கியா?" என்பாள். நான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் வரை இரண்டு பேரும் கொஞ்சம் பேசுவோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு பேசுவாள். நான் தலை வாரிக்கொண்டு பேசுவேன். மாலையில் நான் திரும்பும்போது அவள் மறுபடியும் இரவுப் பணிக்குப் போயிருப்பாள். தலையணையில் அவள் தலை இருந்த இடம் அப்படியே இருக்கும். கன்னத்தை அதில் வைத்தால் மெல்லிய சூடு. அது அவளுடையதா, ஜன்னல் வழியாக வந்த வெயிலுடையதா என்று நான் ஆராய்ந்ததில்லை.

இன்னொரு கட்டில் ரொட்டி அக்காவுடையது. பேக்கரியில் மாவு பிசைவது அவர் வேலை. இருட்டு பிரியும் முன்பே கிளம்பி மத்தியானம் திரும்புவார். எவ்வளவு கழுவினாலும் புருவத்தில் ஒரு வெள்ளை ஒட்டியிருக்கும். மத்தியானத்தில் அவரும் நர்ஸும் இருப்பார்கள். மாலையில் அவரும் நானும். காலையில் நானும் நர்ஸும்.

மூன்று பேரும் சேர்ந்து அந்த அறையில் இருந்ததே இல்லை. ஓய்வு நாள் வந்தால் நர்ஸ் அவள் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவாள். ஞாயிறு என்றாலும் பேக்கரிக்கும் எனக்கும் லீவு கிடையாது. இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, இரண்டு டீக் கோப்பை. எல்லாம் போதுமானதாக இருந்தது.

கணிதத்தில் ஆராய்ச்சி செய்வதால் என்னை அவர்கள் கணக்கு என்று கூப்பிடுவார்கள். "கணக்கு, பால் காசு சரியா பாரு." நான் கூட்டிச் சொன்னால் பாதி நாள் தப்பாக இருக்கும். "இவளுக்குப் போய் கணக்குன்னு பேர் வச்சோமே" என்று ரொட்டி அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு மாலை, கட்டிலில் சாய்ந்துகொண்டு, காலை நீட்டியபடி அவர் கேட்டார்.

"அங்க போய் நாள் பூரா என்னதான் பண்ற நீ?"

"ஷீஃப், ஸ்டாக்னு ரெண்டு இருக்குக்கா. அதைப் பத்தி."

"ஸ்டாக்கா? எங்க கடையிலயும் மாசக் கடைசியில எடுப்பாங்களே. மைதா எத்தன மூட்டை, ஈஸ்ட் எத்தன பாக்கெட்..."

"அது இல்லக்கா."

"பின்ன?"

ஒருவரிடம் என்றால் நான் பேசுவேன். அவர் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒரு பெரிய இடம்னு வைங்க. அதைச் சின்னச் சின்னத் துண்டா மூடுறோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சேதி இருக்கு. ரெண்டு துண்டு ஒண்ணு மேல ஒண்ணு படியற இடத்துல, ரெண்டு சேதியும் ஒத்துப்போகணும். எல்லாம் ஒத்துப்போச்சுன்னா முழு இடத்துக்கும் சேத்து ஒரே சேதி கிடைக்குமா? அதான் கேள்வி."

"ஒத்துப்போனா கிடைச்சிட்டுப் போகுது. இதுல என்ன கேள்வி?"

"ஒத்துப்போறதுன்னா அதேவா, அதே மாதிரியான்னு பாக்கணும்க்கா. அதேன்னா ஷீஃப். அதே மாதிரின்னா ஸ்டாக்."

"அதேக்கும் அதே மாதிரிக்கும் என்னடி வித்தியாசம்?"

"அதுதான் என் ஆராய்ச்சி."

ரொட்டி அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இதுக்குக் கட்டடம் வேற கட்டிக் குடுத்திருக்காங்க" என்றார். சிரித்துக்கொண்டே புரண்டு படுத்துத் தூங்கிவிட்டார். அவர் அப்படித்தான். பேச்சு முடியும் இடத்திலேயே தூக்கம் தொடங்கிவிடும்.

அந்த மாதம் என் மூன்றாம் அத்தியாயம் மேடத்திடமிருந்து திரும்பி வந்திருந்தது. மேடம் என் வழிகாட்டி. அதிகம் பேசமாட்டார். அத்தியாயத்தில் ஒரு லெம்மா, அதாவது ஒரு துணைத் தேற்றம். துண்டுகள் இரண்டிரண்டாக ஒத்துப்போனால், முழுவதையும் ஒட்டிவிடலாம் என்று அதில் நிரூபித்திருந்தேன். மற்ற எல்லாம் அந்த லெம்மாவின் மேல்தான் நின்றன. அதன் ஓரத்தில் மேடம் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். "வட்டத்தில் போட்டுப் பார்த்தாயா?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எவ்வளவு பரிமாணம் வேண்டுமானாலும் செல்லும் என்று எழுதியிருக்கிறேன். இவர் வட்டத்தைப் போய்க் கேட்கிறார். நான் போட்டுப் பார்க்கவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். அவருடைய மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாளாம். மாடி வேண்டுமாம். "அவசரமில்லம்மா. மழைக்காலம் முடியட்டும். நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க."

மூன்று பேரும் பேசி. நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு இதைக் கேட்டதும் அம்மா போனில் சொன்னாள். "எதுக்கு இனிமே ரூம் எல்லாம்? அண்ணன் வீட்டுக்குப் போயிடு. அண்ணி ஹால்ல சோஃபா போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கா."

அண்ணி நல்லவள். அந்த சோஃபாவும் நல்லதுதான். ஆனால் அங்கே காலையில் யாரும் என் பள்ளத்தில் வந்து விழமாட்டார்கள்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்மா."

"எவங்க? அந்த ரெண்டு பேரும் உனக்கு யாருடி?"

அக்கா என்று கூப்பிட்டால் அக்கா ஆகிவிடுமா? நர்ஸுக்கு அதுகூடக் கிடையாது.

இரவெல்லாம் அரைத் தூக்கம். கனவில் அறை மெதுவாகச் சுற்றியது. அதன் விளிம்பில் நாங்கள் மூன்று பேரும் படுத்திருந்தோம். நான் எழுந்தால் நர்ஸ் படுத்தாள், நர்ஸ் எழுந்தால் அக்கா படுத்தார். நடுவில் வட்டமாக ஒரு வெளிச்சம். அங்கே யாரும் இல்லை.

காலையில் நர்ஸ் வந்து விழுந்ததும் சொன்னேன். எத்தனையோ தடவை மனதில் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றார். நாம வேற வீடு பாக்கலாமா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "ம்... பாக்கலாம்" என்றாள். குரலில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது மனது லேசாக இருந்தது. அவள் அக்காவிடம் மத்தியானம் சொல்லிவிடுவாள். அக்கா மாலையில் என்னிடம் சொல்வார். அவ்வளவுதான், முடிந்தது.

மாலையில் ரொட்டி அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீங்க வேற வீடு பாக்கறீங்களாமே. நல்லது."

அக்கா என்னை நீ என்றுதான் சொல்வார். நீங்க என்றதும் ஒரு நொடி எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. அது மரியாதை இல்லை. பன்மை.

"இல்லக்கா" என்றேன். "நாமதான்க்கா. நாம பாக்கலாம்னுதான்..."

"நாமளா?"

"ஆமாக்கா."

அவர் மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே இன்னொரு மாதிரி வாடியது. "சரி. அவகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சொல்ல வேணாம், உனக்கு வராது" என்றார்.

எதைச் சொல்லிக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை நர்ஸ் வந்தாள். படுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலுறையை மெல்ல உருவினாள்.

"நாங்க நேத்து மத்தியானம் பேசினோம்" என்றாள்.

அந்த நாங்க என்னை எங்கேயோ குத்தியது. அவர்கள் தினமும்தான் மத்தியானம் பேசுகிறார்கள்.

"நீங்க வீடு பாத்துக்கறீங்களாமே. நீ கவலைப்படாத, நாங்க பாத்துக்கறோம்னு அக்கா சொன்னாங்க. எனக்கென்ன கவலை? எனக்கு ஹாஸ்பிடல் ஹாஸ்டல் இருக்கு."

"இல்ல, நாம..."

"எந்த நாம?"

சீப்பு என் கையில் இருந்தது. பதில் சொல்ல வாய் திறந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சூடு பண்ணி வச்சிருக்கியா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

அடுத்த நாள் இருட்டில், அரைத் தூக்கத்தில், ரொட்டி அக்கா கதவைத் திறப்பது கேட்டது. தினமும் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். அன்று "போறேன்" என்றார். கதவு சாத்திக்கொண்டது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

போனில் சொல்லிவிடலாமே என்று தோன்றும். நர்ஸின் போன் பணி நேரத்தில் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். எழுத்தாக வரும் எதையும் அவர் திறப்பதில்லை. "எழுதி அனுப்பறவங்க எல்லாம் கடன் குடுக்கறேன்னு சொல்றவங்க" என்பார். எனக்கோ போனில் பேசுவது நேரில் பேசுவதைவிடப் பயம்.

உண்மையில் எனக்கு இன்னொரு பயம் இருந்தது. ஒருவரிடம் பேசுவேன். இரண்டு பேர் இருந்தால் என் குரல் உள்ளேயே தங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது நான் உள்ளேன் என்பது பக்கத்துப் பெண்ணுக்கு மட்டும் கேட்கும். டீச்சர் ஆப்சென்ட் போட்டுவிடுவார். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன், வராதவளாக.

அன்று காலை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. மழை. கண்ணாடி முழுக்க ஆவி. வெளியே தெருவிளக்குகள் அணையாமல், கரைந்த வெண்ணெய்த் துண்டுகள் மாதிரி நகர்ந்தன. என் விரல் தானாகக் கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டது.

ஒரு நாள் என்பது வட்டம்தான். காலை, மத்தியானம், மாலை, மறுபடி காலை. அதன் மேல் மூன்று வில்களைப் போட்டேன். நான் அறையில் இருக்கும் நேரம். நர்ஸ் இருக்கும் நேரம். அக்கா இருக்கும் நேரம். ஒவ்வொரு இரண்டும் ஒரு இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. மூன்றும் சேர்ந்து படியும் இடம் எதுவும் இல்லை. நடுவில் ஓட்டை.

நாம என்றேன் நான், காலையில். மூன்று பேரையும் வைத்துத்தான் சொன்னேன். ஆனால் கேட்டவள் ஒருத்தி. அதை அவள் மத்தியானம் அக்காவிடம் கொண்டுபோகும்போது நாம என்று கொண்டுபோக முடியாது. நானும் அவளும் பேசியது, அக்கா இல்லாமல். "நாங்க வேற வீடு பாக்கலாம்னு பேசிட்டிருந்தோம்" என்றுதான் சொல்ல முடியும். அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பேசியவர்கள் நாங்கள்தான். ஆனால் அக்கா காதில் அந்த நாங்க, வீட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. மாலையில் அது நீங்க ஆகி என்னிடம் வந்தது. நான் அதை நாம என்று திருத்தினேன். அக்காவுக்கு அது எதிரெதிரே நிற்கும் நாங்கள் இரண்டு பேர். மத்தியானம் மறுபடி நாங்க. காலையில் மறுபடி நீங்க.

ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். ஒரு சண்டைகூட இல்லை. ஆனால் ஒரு சுற்று வந்து பார்த்தால் ஒருத்தி வெளியே நிற்கிறாள். எங்கிருந்து சுற்ற ஆரம்பித்தாலும் ஒருத்தி.

அந்த மூன்று வில்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆவி மெல்ல வழிந்து வட்டத்தின் அடிப்பாகம் கரைந்தது. என் நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.

நனைந்துகொண்டே திரும்பி நடந்து மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் நாற்காலியில் இருந்து நிமிர்ந்தார். நான் பலகையில் வட்டத்தைப் போட்டேன். மூன்று வில். மூன்று இடங்களில் அம்புக்குறி. இரண்டு அம்புகள் நேராக, ஒன்று புரட்டிப் போடுவதாக. ஒரு சுற்று வந்தால் கூட்டல் குறி கழித்தல் குறியாகிறது. இரண்டிரண்டாக எல்லாம் ஒத்துப்போகிறது. ஒட்டவில்லை.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"லெம்மா?"

"செத்துடுச்சு மேடம்."

"போன மாசமே வட்டத்துல போட்டுப் பாருன்னு எழுதினேனே."

"அப்ப வட்டம் தெரியல மேடம்."

"இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"ரூம் மேட்ஸ்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. பலகையில் வட்டத்தின் நடுவே இருந்த வெற்றிடத்தில் சாக்பீஸை வைத்தார். "இங்க ஒரு புள்ளி, மூணுக்கும் பொதுவா இருந்தா?"

"இருந்தா ஓட்டை அடைஞ்சிடும் மேடம். சுற்றைச் சுருக்கி அந்தப் புள்ளிக்கே கொண்டு வந்துடலாம். முறுக்கு பிரிஞ்சுடும்."

"அப்ப லெம்மாவுல அதைச் சேர்த்துக்க. சின்னதாத்தான் ஆகும். உண்மையா இருக்கும்." பிறகு என் நனைந்த தலையைப் பார்த்துவிட்டு, "முதல்ல துவட்டு" என்றார்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு புள்ளி. மாலை முழுக்க அதை நினைத்தேன். அறையில் அப்படி ஒரு நேரம் இல்லை. ஆனால் அது அறையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

காலையில் நர்ஸ் வாசலுக்கு வந்து, குனிந்து ஷூ நாடாவைத் தொட்டாள்.

"ஷூவைக் கழட்டாத" என்றேன்.

"ஏன்?"

"பேக்கரிக்குப் போறோம்."

"ரொட்டி வேணும்னா அக்காவே கொண்டு வருவாங்களே. எனக்குத் தூக்கம் வருது, ஆளை விடு."

"வா."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவளுக்கும்தான் போலிருக்கிறது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. கடைகள் இன்னும் திறக்கவில்லை. பாதித் தெருவைக் கண்ணை மூடிக்கொண்டே நடந்தாள். குழி வந்தால் "குழி" என்பேன், தாண்டுவாள். அவள் ஷூவின் வெள்ளை மட்டும் எங்களுக்கு முன்னால் மிதந்துபோவது போல இருந்தது.

பேக்கரியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து சூடும் வாசனையும் தெருவுக்கு வழிந்தன. நீளமான மேஜை. தகரத் தட்டுகள் அடுக்கிய சக்கர ரேக். ஒரு மூலையில் மாவு பிசையும் இயந்திரம் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் ஈரத்துணிக்குக் கீழே வரிசையாக உருண்டைகள். தூங்கும் குழந்தைகளின் தலை மாதிரி. மெல்ல, பார்த்தால் தெரியாத அளவு, பெரிதாகிக்கொண்டிருந்தன.

ரொட்டி அக்கா எங்களைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றாள் நர்ஸ். "உன் கணக்குதான் என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்திருக்கா. என்னன்னு நீயே கேளு, கிழவி."

"ஏய் ஊசி, வேலை செய்யற இடத்துல கிழவின்னு சொன்ன, ஓவன்ல வச்சிடுவேன்."

"வை. அப்பவாவது தூங்கறேன்."

நான் திகைத்துப் போனேன். ஊசியா? கிழவியா? காலையில் என் நர்ஸ் மெதுவாகப் பேசுகிறவள். அக்காவைப் பற்றிச் சொன்னால் அக்கா என்றுதான் சொல்வாள். மாலையில் என் ரொட்டி அக்கா யாரையும் மிரட்டாதவர். மத்தியானத்தில் இப்படி இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் அறிமுகமே இல்லை. அதே ஆட்கள் என்று சொல்ல முடியாது. அதே மாதிரி ஆட்கள்.

இப்போது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என் குரல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். வாய் அசைந்தது. இயந்திரம் கரகரத்தது.

"என்ன?" என்றார் அக்கா.

மறுபடி சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"இரு" என்று அவர் போய் இயந்திரத்தை நிறுத்தினார். திடீரென்று எல்லாம் அமைதியானது. ஈரத்துணிக்குக் கீழே மாவு பொங்கும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

"நாம" என்றேன்.

"என்ன நாம?"

"நாம வேற வீடு பாக்கலாம்."

நர்ஸ் முந்தாநாள் கேட்டதையே கேட்டாள், ஆனால் வேறு குரலில். "எந்த நாம?"

நான் விரலை நீட்டினேன். சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருந்தது. அவளைக் காட்டினேன். அக்காவைக் காட்டினேன். என் நெஞ்சில் வைத்தேன்.

"இந்த நாம. முதல்ல இருந்து இந்த நாமதான். நான் வேற எந்த நாமயும் சொல்லவே இல்ல."

பிறகு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"நீதானடி நாங்க வேற வீடு பாக்கறோம்னு சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்? நாங்க பேசிட்டிருந்தோம்னுதான் சொன்னேன்! நீதான் நாங்க பாத்துக்கறோம், நீ கவலைப்படாதன்னு பெரிய மனுஷி மாதிரி..."

"அலையற வேலையை நாங்க பாத்துக்கறோம், நீ தூங்குன்னு அர்த்தம்டி, எருமை! ராத்திரி பூரா முழிச்சிட்டு வர்றவளைத் தெருத்தெருவா இழுக்க முடியுமா?" சொல்லிவிட்டு அக்கா ஒரு கணம் நின்றார். மேஜையில் சிந்திய மாவைக் கையால் ஒதுக்கினார். "நீ இல்லாமன்னுதான் நானும் நினைச்சேன், நிஜத்தைச் சொல்லணும்னா. அவ நாமன்னா, நான் நாங்க ரெண்டு பேருன்னு எடுத்துக்கிட்டேன். சந்தோஷமாயும் இருந்துது. கேவலமாயும் இருந்துது. அப்புறம் உன் முகத்தைப் பாத்துட்டு யாரோடயும் வர வேணாம்னு ஆயிடுச்சு."

"அதான் போறேன்னு சொன்னீங்களா?" என்றேன்.

"கேட்டுச்சா உனக்கு? தூங்கறேன்னு நினைச்சேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். நானும். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. காலி மைதா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் போன வாரமே பகல் டியூட்டி போட்டுட்டாங்க" என்றாள். "அடுத்த மாசத்துலேருந்து."

"நல்ல சேதிதானே" என்றார் அக்கா. "எத்தன நாளா கேட்டுக்கிட்டிருந்த!"

"இருக்கிறது ரெண்டு கட்டில். ராத்திரி நான் எங்க படுக்கறது?"

நர்ஸ் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நீங்க இல்லாத நேரத்துல இருக்கறதாலதான் நான் அங்க இருக்கேன்" என்றாள். "இவ அன்னிக்கு வேற வீடுன்னதும் எனக்கு அதுதான் தோணிச்சு. எப்படிப் பாத்தாலும் ஒருத்தி அதிகம். அந்த ஒருத்தி நான்தான். அதான் ம்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன்."

அன்று அவள் குரலில் குறைந்திருந்தது தூக்கம் இல்லை. என் வட்டத்தில் நான் கட்டில்களைப் போடவே இல்லை. லெம்மா ஒரு தடவை சாவதோடு நிற்பதில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள். "மூணு கட்டில் போடற மாதிரி வீடு" என்றேன். இந்தத் தடவை கேட்கும்படி வந்தது. "அதைத்தான் பாக்கணும். சமையலறை சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. ஜன்னல் ஒண்ணு போதும். மூணு கட்டில் போடணும்."

"அப்படி வீடு கிடைக்கலன்னா?"

"கிடைக்கற வரைக்கும் நீயும் நானும் ஒரே கட்டில்ல படுக்கலாம். இப்பவும் அப்படித்தானே படுக்கறோம், என்ன, வேற வேற நேரத்துல."

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ உதைப்ப."

"நான் உதைப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் காலையில அந்தப் போர்வையைப் பாக்கறவ நான்தான்."

அக்கா ஈரத்துணியை விலக்கி ஒரு உருண்டையை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து, மெதுவாக மேலே எழும்பி வந்தது. "மாவு ஏறிடுச்சு" என்றார். "பேசினது போதும். ரெண்டு பேரும் வெளிய போங்க. ஊசி, நேராப் போய்ப் படு. கணக்கு, உனக்கு பஸ் போயிடும்." புருவத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியது.

மழைக்காலம் முடியும் முன் வீடு கிடைத்தது. நீளமான ஒரே அறை. சுவரில் ஈரம். குழாயில் தண்ணீர் நினைத்தால் வரும். மூன்று கட்டில் போட்டால் நடக்கப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்த ரெண்டு பேரோடயேவா?" என்றாள். "ஆமாம்மா, நாங்க மூணு பேரும்" என்றேன். அம்மா வாடகை எவ்வளவு என்று கேட்டாள். பிறகு, "ஜன்னலுக்குக் கம்பி இருக்கான்னு பாரு" என்றாள்.

அத்தியாயமும் முடிந்தது. முன்பிருந்ததைவிடச் சின்னது. வட்டத்தை உதாரணமாக உள்ளேயே வைத்துவிட்டேன்.

முதல் நாள் இரவு நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் படுத்தோம். யார் விளக்கை அணைப்பது என்று தெரியாமல் மூன்று பேருமே எழுந்தோம்.

என் கட்டில் ஆறியிருந்தது. நாள் முழுக்க யாரும் படுக்காத துணியின் குளிர்ச்சி. தலையணையில் பள்ளம் இல்லை. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நர்ஸ் கண்ணை மூடியிருந்தாள்.

"ஜில்லுன்னு இருக்கா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ம்."

"எனக்கும்."

அதற்கு அப்புறம் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. கனவு வந்ததா என்றும் தெரியவில்லை. இருட்டு பிரிவதற்கு முன் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. புது வீட்டுத் தாழ்ப்பாள், கொஞ்சம் முனகியது.

"வரேன்" என்றார் ரொட்டி அக்கா, யாரையும் எழுப்பாத குரலில்.

"வா, கிழவி" என்று நர்ஸ் சொல்வதும், "வாங்கக்கா" என்று நான் சொல்வதும் ஒரே நேரத்தில் வந்தன. அக்கா கதவருகே ஒரு கணம் நின்றார். என்னுடையதும் கேட்டுவிட்டது.